தோல் பசியா, தொடுகை ஏக்கமா?

அண்மையில் படித்த ஓர் அறிவியல் புனைகதை மொழிபெயர்ப்பில், உடல் முழுக்க ஓடு மூடிய வேற்றுக்கிரகவாசி ஒன்று "தோல் பசியால் வாடியது". தோலே இல்லாததற்குத் தோல் பசி! உளவியல் கட்டுரைகளில் இந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஓட்டுக்காரர் வந்ததும் பொறுமை போய்விட்டது.

பிறர் தொடுவதும் அணைப்பதும் நெடுநாள் கிடைக்காதபோது வரும் தவிப்பை ஆங்கிலத்தில் ‘ஸ்கின் ஹங்கர்’ என்கிறார்கள். அங்கே அது உருவகம். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறந்து, ஸ்கின்னுக்குத் தோல், ஹங்கருக்குப் பசி என்று எடுத்து ஒட்டிவிட்டார்கள்.

தோலைத் தின்னும் பசி என்றுதான் முதலில் காதில் விழுகிறது. அது கிடக்கட்டும். பசி என்பதே இங்கே தப்பு. அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோ 1950களில் செய்த குரங்குச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். தாயைப் பிரித்த குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்கள்: ஒன்று வெறும் கம்பி, மற்றது துணி சுற்றியது. கம்பித் தாயிடம் பால் புட்டி இருந்தபோதும், குட்டிகள் குடிக்க மட்டும் அங்கே போய்விட்டு, மற்ற நேரமெல்லாம் துணித் தாயைக் கட்டிக்கொண்டு கிடந்தன. பசி கம்பியிலேயே தீர்ந்துவிட்டது. தீராமல் நின்ற ஒன்றுக்குப் போய்ப் பசி என்றே பெயர் வைப்பதா?

தோலும் சரியில்லை. மெல்ல வருடினால் நன்றாகத் தூண்டப்படும் நரம்பிழைகள் தோலில் உண்டுதான். ஆனால் தமிழ் தொடுவுணர்வை மெய்யில் வைத்திருக்கிறது. "ஒன்றறி வதுவே உற்றறி வதுவே" என்று உயிர்களை வகைப்படுத்தத் தொடங்கும் தொல்காப்பியம் புல்லுக்கும் மரத்துக்கும்கூட அதைக் கொடுக்கிறது. அந்தக் கணக்குப்படி எந்தக் கிரகத்தில் எது உயிரோடு இருந்தாலும், கண்ணும் காதும் இல்லாவிட்டாலும், தொட்டால் அதற்குத் தெரியும்.

தனித்தமிழ் அன்பர் ஒருவர் ‘ஊறுவேட்கை’ என்றார். பெறு பேறாவதுபோல உறு ஊறாகும். இலக்கணம் சுத்தம், தொடுவுணர்வு என்ற பொருளில் ஊறு குறளிலும் இருக்கிறது. ஆனால் இன்று ஊறு என்றால் கேடு. அடிவாங்க ஆசைப்படுகிறார் என்றல்லவா படிப்பவர் நினைப்பார்? "மக்கள்மெய் தீண்டல் உடற்கின்பம்" என்ற குறளால் தீண்டல்மேல் எனக்கு ஒரு சபலம் உண்டு. பாம்பும் தீண்டாமையும் அந்தச் சொல்லைக் கெடுத்துவிட்டன. அப்புறம் ‘ஸ்பரிச தாகம்’. அது சோப்பு விளம்பரத்துக்கு ஆகும்.

தொடுகை ஏக்கம் போதும். தொடுதிரை வந்த பிறகு தொடுகை யாருக்கும் புதிதில்லை. தாயைப் பிரிந்த பிள்ளை, பால் கொடுக்க ஆள் இருந்தும் இளைத்தால் "ஏங்கிப் போச்சு" என்கிறோமே, அந்த ஏக்கம்தான் இது.

கதையில் அந்தப் பெயர்ச்சொல்லும் வேண்டியதில்லை. "யாராவது தொடமாட்டார்களா என்று ஏங்கியது" என்று எழுதியிருந்தால், உடலை மூடிய ஓட்டை என்ன செய்வது என்ற கவலையே மொழிபெயர்ப்பாளருக்கு வந்திருக்காது.