வளைகுடாவிலிருந்து வந்தீர்களா? முதலில் அதைச் சொல்லுங்கள்

போன வாரமும் ஒருவர். காய்ச்சல், வறட்டு இருமல், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சட்டைப் பையில் மருந்துக்கடையில் வாங்கிய அசித்ரோமைசின் அட்டை. "வெளியூர் எங்கேயாவது போனீங்களா?" என்றால் "இல்ல சார்". ஸ்டெத் வைத்துப் பார்க்கும்போதுதான் மனைவி மெதுவாகச் சொல்கிறார், சவூதியிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகிறதென்று. அதற்குள், கர்ப்பிணிகளும் முதியவர்களும் உட்கார்ந்திருந்த இடத்தில் மாஸ்க் இல்லாமல் ஒரு மணி நேரம் இருமியிருக்கிறார். சவூதி என்றதும் எனக்கு மெர்ஸ் பயம்; அந்தப் பக்கம் காணப்படும், கொரோனா வகை வைரஸால் வரும் கடுமையான சுவாச நோய் அது. பரிசோதனையில் ஃப்ளூ என்று வந்தது, நல்லவேளை. ஆனால் இப்படி மறைப்பவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

கேட்டால், "கொரோனா ஊசிதான் மூணு தடவை போட்டாச்சே சார்" என்கிறார்கள். ஐயா, கொரோனா வைரஸ் ஒன்றல்ல. வெறும் சளியைத் தருபவையே நான்கு உண்டு. 2002-ல் சீனாவின் குவாங்டாங்கில் கிளம்பிய சார்ஸ் 774 பேரைக் கொன்றது. 2012-ல் சவூதியில் கண்டறியப்பட்டது மெர்ஸ். கோவிட் அதற்கும் பிறகு வந்தது. நீங்கள் போட்ட கோவிஷீல்டும் கோவாக்சினும் கோவிட் வைரஸை மட்டுமே அடையாளம் காட்டிக் கொடுத்தவை. மெர்ஸ் வைரஸின் மேற்புற முள் வேறு, நம் செல்லில் அது பற்றிக்கொள்ளும் இடமும் வேறு. மூன்று ஊசி என்ன, முப்பது போட்டாலும் மெர்ஸைத் தடுக்காது. அதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி இன்றுவரை இல்லை. அசித்ரோமைசின் பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸை ஒன்றும் செய்யாது.

மெர்ஸ் உறுதியானவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். (லேசாக வந்து போனவர்கள் கணக்கில் விடுபட்டிருப்பார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) இது தெருவில் பரவுவதைவிட ஆஸ்பத்திரிக்குள் பரவுவதே அதிகம். 2015-ல் தென்கொரியாவில் நடந்ததைப் பாருங்கள். வளைகுடா போய் வந்த ஒருவர், நோய் இன்னதென்று தெரியும் முன்பே பல மருத்துவமனைகளுக்கு அலைந்தார். அவரிடமிருந்து தொற்றிய இன்னொருவர் சியோலில் ஒரு அவசர சிகிச்சைப் பிரிவில் சில நாள் படுத்திருந்தார். அவரிடமிருந்து மட்டும் 80 பேருக்கு மேல் தொற்றியது. மொத்தம் 186 பேர், 38 சாவு.

சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: மூச்சிரைப்பு என்றதும் பொது வார்டிலேயே நெபுலைசரை (மருந்தைப் புகைபோல் உள்ளே இழுக்க வைக்கும் கருவி) மாட்டிவிடாதீர்கள்; நோயாளியின் மூச்சிலுள்ள கிருமியும் அதோடு வார்டில் பரவலாம். முதலில் பயணம் பற்றிக் கேளுங்கள்.

வளைகுடாவில் வேலை செய்பவர்களே, மெக்காவுக்கு உம்ரா போகிறவர்களே, மெர்ஸ் ஒட்டகத்திடமிருந்தும் மனிதருக்குத் தொற்றும்; அதனால் ஒட்டகத்தைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். காய்ச்சாத ஒட்டகப்பால் வேண்டாம், எவ்வளவு உபசரித்தாலும். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஒட்டகத் தொழுவத்துக்குப் போகவே வேண்டாம். ஊர் திரும்பிய 14 நாளுக்குள் காய்ச்சலோ இருமலோ வந்தால், மாஸ்க் போட்டுக்கொண்டு வாசலிலேயே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.

ஏன் மறைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடம் கழித்துக் கிடைத்த லீவு. தனி அறையில் போட்டுவிடுவார்களோ, திரும்பிப் போக முடியாமல் வேலை போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயத்தையும் என்னிடம் சொல்லுங்கள், பேசி வழி பார்ப்போம். எந்த ஊரில் இருந்தீர்கள், என்றைக்கு இறங்கினீர்கள் என்பதை மட்டும் தயவுசெய்து மறைக்காதீர்கள்.