பர்கான்: பிறை மணல்மேடு

காற்று ஆண்டின் பெரும்பகுதியும் ஒரே திசையிலிருந்து வீசும் வறண்ட நிலத்தில், கெட்டியான தரையின்மேல், குறைந்த அளவு மணலைக் கொண்டு உருவாகி, காற்றுப் போகும் திசையிலேயே நகர்ந்து செல்லும் பிறை வடிவ மணல்மேட்டைப் பர்கான் என்பர். இந்த வரையறையில் பலரும் கவனிக்காமல் விடுவது 'குறைந்த அளவு மணல்' என்னும் நிபந்தனையைத்தான். மணல் மிகுந்த இடத்தில் பிறைகள் பக்கவாட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, காற்றுக்குக் குறுக்கே கிடக்கும் நீண்ட வரப்புகளாகிவிடும். தனிப் பிறை அங்கே நிலைக்காது.

சொல் நடு ஆசியாவைச் சேர்ந்தது. துருக்கிய மொழிக் குடும்பத்தின் கசாக்கிய மொழியில் வழங்கிய இதை, உருசியப் பேரரசின் இயற்கையியலரான அலெக்சாந்தர் ஃபான் மிடென்டார்ஃப் 1881இல் துருக்கிஸ்தானத்துப் பிறை மேடுகளுக்கு உரிய அறிவியல் சொல்லாக ஆண்டார். பின்னர் ஐரோப்பிய மொழிகள் பலவும் அதையே ஏற்றுக்கொண்டன. ஆங்கில எழுத்துக்கூட்டலை (barchan) நம்பித் தமிழில் 'பார்ச்சன்' என்று எழுதுவோர் உண்டு. மூலச் சொல்லில் சகர ஒலி இல்லை. பர்கான் என்பதே ஒலிக்கு நெருக்கமானது.

இச்சொல் அங்கே பிறந்ததற்கு நிலமே காரணம். காரகும், கிசில்கும் என்னும் இரு பெரும் பாலைவனங்களின் பெயர்களிலும் ஈற்றில் நிற்கும் 'கும்' மணலைக் குறிக்கும். முன்னது கருமணல், பின்னது செம்மணல். கடலின் ஈரக்காற்று எட்ட முடியாத கண்டத்தின் உட்பகுதியில் இவை கிடக்கின்றன. வறட்சி இருந்தால் மட்டும் மணற்கடல் உண்டாகிவிடாது. உலகப் பாலைவனங்களின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே மணல், எஞ்சியது பாறையும் சரளையும் உப்பளமுமே. காரகும் பாலைவனத்துக்கு மணலைத் தந்தது ஆமு தாரியா ஆறு. அது பழங்காலத்தில் பரப்பிச் சென்ற வண்டல் காய்ந்தபின் காற்று அதைப் புடைத்தது. நுண்தூசி உயரே எழுந்து நெடுந்தொலைவு போய்விட, பறக்க முடியாத கனமும் கிடந்துவிடாத இலேசும் உடைய மணல் மட்டும் அங்கேயே தங்கியது.

அந்த மணல் நகரும் விதத்தை எகிப்து, லிபியப் பாலைவனங்களில் பயணம் செய்த பிரித்தானியப் படைப் பொறியாளர் ரால்ஃப் பாக்னோல்ட் ஆராய்ந்து 1941இல் நூலாக வெளியிட்டார். காற்றில் எழும் மணல் துகள் தாழ்வாகத் தாவிச் சிறிது தொலைவில் விழுகிறது. விழுந்த வேகத்தில் அங்கிருக்கும் வேறு துகள்களை எழுப்பிவிடுகிறது. இப்படித் தாவித் தாவி மேட்டின் காற்று முகப்பில் ஏறும் துகள்கள் உச்சியைக் கடந்ததும் காற்று மறைவில் விழுந்து குவிகின்றன. குவியல் ஏறத்தாழ 34 பாகைச் சரிவை எட்டியதும் தன் எடையைத் தாங்க மாட்டாமல் தகடு தகடாகச் சரிகிறது. இந்தப் பக்கத்துக்குச் 'சரிவு முகம்' என்று பெயர். முன்பக்கம் அரிக்கப்பட்டுப் பின்பக்கம் நிரம்புவதால் மேடு முழுவதுமே இடம் பெயர்கிறது. உயரம் குறைந்த மேட்டை நகர்த்தக் குறைந்த மணலே போதும் என்பதால் சிறிய பர்கான் பெரியதை முந்துகிறது. அதே காரணத்தால், ஒரே மேட்டின் தாழ்ந்த இரு ஓரங்களும் உயர்ந்த நடுப்பகுதியைவிட விரைந்து முன்னே போய்க் கொம்புகளாக நீள்கின்றன. பிறை வடிவம் வந்த வழி இதுதான்.

ஆகவே பர்கானின் கொம்புகள் காற்றுப் போகும் திசையையே காட்டும். தார்ப் பாலைவனத்தில் மிகுதியாகக் காணப்படும் பரவளைவு மேடுகளிலோ நிலைமை நேர்மாறானது: அங்கே ஓரங்களைச் செடிகொடிகளின் வேர்கள் பிடித்துக்கொள்ள, வெறுமையான நடுப்பகுதி மட்டும் முன்னேறுவதால், கொம்புகள் காற்று வரும் திசையை நோக்கிக் கிடக்கும். மேலிருந்து எடுத்த படத்தில் இரண்டும் பிறைகளாகவே தெரியும். கொம்பின் திசையைப் பாராமல் இரண்டையும் 'பிறை வடிவ மேடு' என்று எழுதிவிடுவது பிழை.

இனி, பர்கானுக்கு ஈடான தமிழ்ச் சொல், அதாவது தமிழ் நிகரன். 'பிறை வடிவ மணற்குன்று' என்பது பரவலாக வழங்குகிறது. பிழையில்லை, ஆனால் குன்று என்றதும் பாறையும் அசையாமையும் மனத்தில் எழுகின்றன என்பதால் நகரும் மேட்டுக்கு அது முழுமையாகப் பொருந்தவில்லை என்பது என் கருத்து. 'தேரி' என்ற நல்ல சொல் தூத்துக்குடி மாவட்டத்தில் உயிரோடு இருக்கிறது. குதிரைமொழித் தேரியின் மணல் சிவந்திருப்பதற்கு ஒவ்வொரு துகளையும் போர்த்தியிருக்கும் இரும்பு ஆக்சைடு பூச்சு காரணம். அப்படிச் சிவப்பேற மணல் நெடுங்காலம் கிடக்க வேண்டும். அதனால் காற்று குவித்து நிலைத்துவிட்ட செம்மணல் பரப்புக்கே தேரியை விட்டுவைக்கலாம். இலக்கியத்திலிருந்து எடுப்பதானால் மணல்மேட்டைக் குறிக்கும் 'எக்கர்' உண்டு. ஐங்குறுநூற்றின் ஞாழற்பத்து 'எக்கர் ஞாழல்' என்றே தொடங்குகிறது. அழகான சொல்தான், ஆயினும் அது நெய்தல் நிலத்துக் கடற்கரை மணலோடு பிணைந்தது. உள்நாட்டுப் பாலைவனத்துக்கு அதைக் கொண்டுபோவது வலிந்து செய்வதாகும்.

எனவே 'பிறை மணல்மேடு' என்பதை முதன்மை நிகரனாகவும், பர்கான் என்பதை உலக வழக்காகவும் கொள்வது தக்கது. இதை ஒட்டிப் பிற சொற்களையும் அமைத்துக்கொள்ளலாம்: பிறைகள் கைகோத்து நீளும் வடிவம் 'தொடர்பிறை மேடு', காற்று இரு திசைகளிலிருந்து மாறி மாறி வீசுவதால் நெடுக நீண்டு கூர்ந்த முகடு கொள்ளும் வடிவத்தை அரபியர் வாள் என்னும் பொருளில் 'சைஃப்' என்பதால் அதற்கு 'வாள்மேடு'. செவ்வாய்க் கோளிலும் பிறை மணல்மேடுகள் நகர்வதைச் சுற்றுக்கலப் படங்கள் காட்டியுள்ளன. கியூரியாசிட்டி ஊர்தி 2015இல் அங்கே நெருங்கிப் பார்த்த மணற்பரப்புக்குப் பாக்னோல்டின் பெயரையே இட்டிருக்கிறார்கள்.