கிட்டாரின் பூச்சு எங்கே தேய்கிறது, ஏன் அங்கே தேய்கிறது

பல ஆண்டுகள் விடாமல் வாசிக்கப்பட்ட எலக்ட்ரிக் கிட்டாரில் பூச்சு ஒரே சீராகத் தேய்வதில்லை. முன்கை படியும் மேல் விளிம்பில் மரமே வெளியில் தெரியும். அதிலிருந்து நான்கு விரற்கடை தள்ளினால் பளபளப்பு அப்படியே இருக்கும். பின்புறத்தில் வயிற்றோடு ஒட்டும் பகுதியில் மட்டும் கீறல்கள் கூடிக் கிடக்கும். இதற்கெல்லாம் தெளிவான காரணம் உண்டு. அது தெரிந்தவருக்கு, ஒரு கிட்டாரின் மேற்பரப்பே அதை வாசித்த விதத்தைச் சொல்லிவிடும்.

உரசலால் ஏற்படும் தேய்மானத்துக்கு ஆய்வாளர் ஆர்ச்சர்ட் 1953இல் வெளியிட்ட எளிய விதி ஒன்று இருக்கிறது. தேய்ந்து போகும் பொருளின் அளவு, அழுத்தும் விசைக்கும் உரசிச் சென்ற மொத்த தூரத்துக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். பொருளின் கடினத்தன்மைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். கிட்டாரின் மேல் தெளித்துக் காயவைக்கும் லாக்கர் பூச்சுக்கு இதை அப்படியே கணக்காகப் போட முடியாது என்றாலும், எது தேய்மானத்தைக் கூட்டும், எது குறைக்கும் என்பதை இது சரியாகக் காட்டுகிறது.

முன்கையை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 120 தாளத் தட்டுகள் கொண்ட பாடலில், ஒரு தட்டுக்கு இரண்டு முறை தந்திகளை வருடினால் நிமிடத்துக்கு 240 வருடல்கள். ஒவ்வொரு வருடலிலும் முன்கைத் தோல் விளிம்பின் மேல் 2 செ.மீ. நகர்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் அது கடக்கும் தூரம் சுமார் 290 மீட்டர். தினமும் ஒரு மணி நேரம் வாசிப்பவரின் கை ஓராண்டில் அதே விளிம்பில் 100 கிலோமீட்டருக்கு மேல் உரசியிருக்கும். கையின் எடையும் அங்கேதான் இறங்குகிறது, அதுவும் குறுகலான ஒரு கோட்டின் மேல். போதாக்குறைக்கு, பூச்சு மிக மெல்லியதாக இருப்பதும் விளிம்பில்தான். திரவமாகத் தெளிக்கப்படும் லாக்கர், பரப்பு இழுவிசையால் கூரான விளிம்பைவிட்டு விலகிச் சமதளத்துக்கு ஓடும். பிறகு உப்புத்தாள் போட்டு மெருகேற்றும்போது மிச்சமிருப்பதிலும் ஒரு பங்கு போய்விடும்.

தோல் மிருதுவானது, அது மட்டும் தனியாக லாக்கரை அரைத்துவிடாது. கைக்கும் பூச்சுக்கும் நடுவே சிக்கும் தூசியும் வியர்வை காய்ந்து உண்டாகும் உப்புப் படிகங்களும்தான் நுண்ணிய உப்புத்தாளாக வேலை செய்கின்றன. வியர்வை இன்னொரு தீங்கும் செய்கிறது: அதிலுள்ள கொழுப்பு அமிலங்களும் தோலின் எண்ணெயும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கருக்குள் ஊறி அதை இளக்குகின்றன. கடினத்தன்மை குறைய, அதே விசையும் தூரமும் கூடுதலான பூச்சைத் தின்கின்றன. ஐரிஷ் கிட்டார் கலைஞர் ரோரி கல்லகர் 1963இல் அயர்லாந்தின் கார்க் நகரில் வாங்கிய 1961ஆம் ஆண்டு ஃபெண்டர் நிறுவன ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் சன்பர்ஸ்ட் நிறம் (நடுவில் வெளிறி ஓரத்தில் கருக்கும் வண்ணம்) பெரும்பாலும் போய், மரமே முகமாகிவிட்டது. மேடையில் அவருக்கு வழிந்த வியர்வையை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பு இருக்காது.

பூச்சு எந்த வகை என்பதைப் பொறுத்து தேய்மானத்தின் தன்மையே மாறிவிடுகிறது. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், சுருக்கமாக நைட்ரோ, கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே காய்கிறது. உள்ளே நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றனவே தவிர, வேதிப்பிணைப்பால் கட்டப்படவில்லை. அதனால்தான் எத்தனை ஆண்டுகள் ஆனாலும் அசிட்டோன் பட்டால் மறுபடி கரைகிறது. டுபான்ட் நிறுவனம் 1920களில் கார்களுக்காகக் கொண்டுவந்த டூகோ லாக்கர் இந்த வகைதான். பிற்பாடு ஃபெண்டர் கிட்டார்களின் தனி நிறங்கள் (வழக்கமான சன்பர்ஸ்டுக்குப் பதில் கேட்டு வாங்கும் நிறங்கள்) பலவும் அதிலிருந்தே வந்தன. பாலியெஸ்டரும் இருபகுதி பாலியூரிதேனும் வேறு சாதி. அவை கெட்டியாகும்போது மூலக்கூறுகள் குறுக்குப் பிணைப்புகளால் ஒரே வலையாகிவிடுகின்றன. வியர்வை அதற்குள் புகுவது கடினம், கரைப்பானும் எளிதில் கரைக்காது. பாலியெஸ்டர் தடிமனாகவும் இருக்கும். ஆகவே அது தேய்வது அரிது. அடிபட்டால் விரிசல் விட்டு, கூரான ஓரங்களோடு சில்லாகப் பெயரும். பூச்சு மெல்லச் சரிந்து மரத்தோடு கலப்பது போலிருந்தால் நைட்ரோ என்றும், செங்குத்தான கரையோடு பள்ளம் தெரிந்தால் பாலியெஸ்டர் என்றும் பெரும்பாலும் கண்ணாலேயே சொல்லிவிடலாம்.

நைட்ரோவில் மரம் ஒருமுறை வெளியே தெரிந்துவிட்டால் தேய்மானம் வேகமெடுக்கும். வியர்வை பூச்சின் ஓரத்தின் அடியில் புகுகிறது, மரம் ஊதி அடங்குகிறது, பிடிமானம் போகிறது. அந்த ஓரம் செதில் செதிலாக விடுகிறது. பல ஆண்டுகள் மங்கலாக மட்டுமே இருந்த இடம் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்துப்போவது இதனால்தான்.

மெல்லிய மயிரிழை விரிசல்களுக்கு உரசலோடு சம்பந்தமில்லை. நைட்ரோ லாக்கரில் அதை வளையும்படி வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் மெல்ல வெளியேற, பூச்சு நொறுங்கும் தன்மை அடைகிறது. குளிரில் லாக்கர், மரம் தன் நார்த் திசையில் சுருங்குவதைவிடப் பல மடங்கு சுருங்கப் பார்க்கும். மரம் விட்டுக்கொடுக்காது. எனவே பூச்சு நார்த் திசையில் இழுபட்டு, நாருக்குக் குறுக்காக வெடிக்கிறது. ஈரப்பதத்தால் நேர்வது இதற்கு நேர்மாறு: மரம் நாருக்குக் குறுக்கே ஊதுவதால் விரிசல் நார் ஓடும் திசையிலேயே வரும். குளிரில் பயணித்து வந்த பெட்டியைச் சூடான அறையில் உடனே திறந்தால் சில நொடிகளிலேயே பூச்சு வெடிக்கக்கூடும். சில மணி நேரம் பெட்டியை மூடியே வையுங்கள்.

தேய்ந்த இடத்தின் ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அடுக்குகள் வரிசையாகத் தெரியும்: மேலே நிறமற்ற பூச்சு, பிறகு நிறம், சில கிட்டார்களில் வெள்ளை ப்ரைமர் (நிறத்துக்கான அடிப்பூச்சு), அதன்கீழ் சீலர் (மரத்தின் துளைகளை அடைக்கும் பூச்சு), கடைசியாக மரம். 1960களின் ஃபெண்டர்கள் சிலவற்றில் தனி நிறத்தை ஏற்கெனவே அடித்த சன்பர்ஸ்ட் மேலேயே தெளித்திருக்கிறார்கள். நீலம் தேய்ந்த இடத்தில் சிவப்பும் மஞ்சளும் எட்டிப்பார்க்கும். மேலேயுள்ள நிறமற்ற லாக்கர் ஒளியில் மஞ்சளாவதால் வெள்ளை பாலேடு நிறமாகும், வெளிர் நீலம் பச்சை கலந்து தெரியும். பிக்கார்டை (உடலைக் கீறலிலிருந்து காக்கும் தகட்டை) கழற்றினால் ஒளி படாத அசல் நிறம் உள்ளே இருக்கும்.

கழுத்தின் பின்புறம் தனிக் கதை. மங்கல் பூச்சில் கலந்திருக்கும் சிலிக்காத் துகள்கள் மேற்பரப்பில் நுண்ணிய மேடுபள்ளங்களை உண்டாக்கி ஒளியைச் சிதறடிக்கின்றன. கட்டைவிரல் ஓடி ஓடி மேடுகளை மழுக்கிவிட, அந்த இடம் பளபளக்கத் தொடங்குகிறது. அங்கே பூச்சு தேய்ந்து தீர்ந்துவிடவில்லை, சமமாகியிருக்கிறது. விரல்கள் தந்தியை அழுத்தும் முன்புறமான மேப்பிள் மர ஃபிரெட்போர்டில் நடப்பது நிஜமான இழப்பு: ஃபிரெட்டுகளுக்கு (அதில் பதித்த உலோகக் கம்பிகளுக்கு) நடுவே லாக்கர் போன இடங்களில் அழுக்கும் எண்ணெயும் வெள்ளை மரத்தில் இறங்கிச் சாம்பல் திட்டுகளாகின்றன. பின்புறக் கீறல்கள் பெல்ட் பக்கிளால் வருபவை.

தேய்ந்த தோற்றத்தைத் தொழிற்சாலையிலேயே உண்டாக்கும் வழக்கம் 1995இல் ஃபெண்டர் கஸ்டம் ஷாப் ரெலிக் வரிசையை அறிமுகப்படுத்தியதிலிருந்து பரவியது. நல்ல கைவேலையில் ஆர்ச்சர்ட் விதியின் ஒழுங்கு இருக்கும். மோசமானதில் கையே எட்டாத குழிவில் மரம் தெரியும், அல்லது உடல் முழுக்கத் தேய்ந்திருக்க ஃபிரெட்டுகள் புத்தம் புதிதாக நிற்கும். பிளேடால் இழுத்த போலி விரிசல்கள் அளவுக்கு மீறி நேராக இருக்கும். பழைய கிட்டார் வாங்குபவர்கள் முதலில் ஃபிரெட்டுகளைப் பார்ப்பது நல்லது.

நைட்ரோவுக்கு வரும் சேதங்களில் மிகக் கொடியதை வாசிப்பு செய்வதில்லை, ஸ்டாண்டு செய்கிறது. ஸ்டாண்டின் ரப்பரிலும் வினைல் ஸ்ட்ராப்பிலும் உள்ள பிளாஸ்டிசைசர் லாக்கருக்குள் இறங்கி அதைப் பிசுபிசுப்பாக்கிவிடும். அந்தத் தழும்பு துடைத்தால் போகாது. தடித்த பருத்தித் துணி சுற்றினால் தாமதமாகும், முழுத் தீர்வு ஆகாது. நைட்ரோ கிட்டாரை நெடுநாள் வைக்கப் பெட்டியே சரி. கொசுவிரட்டி மருந்திலுள்ள டீட் லாக்கரையும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும். அதைப் பூசிய கையோடு கிட்டாரைத் தொடாதீர்கள். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைப்பது போதும். ஒட்டிய பிசுக்குக்கு நாப்தா (லைட்டர் திரவம்) பாதுகாப்பானது, ஆல்கஹால் நைட்ரோவுக்கு ஆகாது. சிலிக்கான் கலந்த பாலிஷையும் தவிர்க்கலாம்; பின்னாளில் பூச்சைப் பழுது பார்க்கும்போது புதுலாக்கர் அதன்மேல் பரவாமல் குழிகுழியாக விலகும்.

எந்தப் பூச்சு என்று தெரியாவிட்டால், பிக்கார்டுக்கு அடியில் மறைவான இடத்தில் பஞ்சுக்குச்சியால் ஒரு துளி அசிட்டோன் தொட்டுப் பாருங்கள். நைட்ரோ உடனே இளகி ஒட்டும், பாலி (பாலியெஸ்டர் அல்லது பாலியூரிதேன்) அசையாது. 1960களின் கடைசியிலிருந்து ஃபெண்டர் பாலியெஸ்டர் அடிப்பூச்சின் மேல் லாக்கர் தெளித்த கிட்டார்களில் மேல்படலம் மட்டும் இளகும்.

பாலி பூச்சில் சில்லு பெயர்ந்தால், நிறமற்ற சயனோஅக்ரிலேட் (சூப்பர் க்ளூ) பசையைச் சொட்டுச் சொட்டாக, பரப்புக்குச் சற்று மேலே நிற்கும்படி நிரப்பி ஒரு நாள் விடுங்கள். விரைவுபடுத்தும் ஸ்ப்ரே வேண்டாம். பசை நுரைத்து வெளுத்துவிடும். பிளேடின் இரு முனைகளிலும் டேப் ஒட்டி நடுப்பகுதியால் மட்டும் சுரண்டிச் சமப்படுத்தி, 1000, 1500, 2000 எண் உப்புத்தாள்களை ஈரத்தோடு வரிசையாகப் போட்டு மெருகேற்றலாம். நைட்ரோவில் அதே லாக்கரைச் சொட்டினால் பழைய பூச்சோடு கரைந்து ஒன்றாகிவிடும், ஆனால் அது வாரக்கணக்கில் சுருங்கும். அவசரப்பட்டுத் தேய்த்தால் அந்த இடம் பிறகு குழியும். மரம் தெரியும் மேப்பிள் கழுத்தை மட்டும் வெறுமனே விடாமல், மெல்லிய டங் எண்ணெய் ஒரு பூச்சு கொடுத்து, மிகுந்ததைச் சில நிமிடங்களில் துடைத்துவிடுவது அவசியம். இல்லாவிட்டால் வியர்வை ஏறி மரம் சாம்பல் பூக்கும்.