பழைய ஆம்பிளிஃபயருக்குப் புதிய கப்பாசிட்டர்: எங்கே எதைப் போடுவது?

1970களின் ஜப்பானிய ஆம்பிளிஃபயர் ஒன்று பினாங்கு லோரோங் கூலிட் சந்தையிலோ மாமா வீட்டு ஸ்டோரிலோ கிடைத்துவிட்டால், உள்ளே மின்னூட்டத்தைச் சேர்த்து வைத்து வெளிவிடும் கப்பாசிட்டர் அத்தனையையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடத்தான் கை பரபரக்கும். பாதி சரிதான். ஆனால் ஒரே பலகையில் இருந்தாலும் எல்லாக் கப்பாசிட்டருக்கும் ஒரே வேலை இல்லை. வேலை தெரியாமல் மாற்றினால், ஓடிக்கொண்டிருந்த பெட்டியும் படுத்துவிடும்.

எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டருக்குள் இரண்டு அலுமினியத் தாள்கள், நடுவே திரவத்தில் ஊறிய காகிதம். மின்னழுத்தத்தைத் தாங்குவது ஒரு தாளின் மேல் படிந்த மெல்லிய ஆக்சைடு பூச்சு. காலப்போக்கில் ரப்பர் மூடி வழியே திரவம் ஆவியாக வெளியேற, இ.எஸ்.ஆர். எனப்படும் உள் மின்தடை ஏறும். கொள்ளளவு, அதாவது மைக்ரோஃபேரட்டில் குறிக்கும் சேமிப்புத் திறன், அவ்வளவாகக் குறையாதபோதே இது ஏறிவிடலாம். அதனால் சாதாரண மல்டிமீட்டர் நல்ல மதிப்பையே காட்டும், இ.எஸ்.ஆர். மீட்டரில்தான் குட்டு வெளிப்படும்.

சும்மா கிடந்தாலும் கெடும். மின்னழுத்தமே படாத ஆக்சைடு பூச்சு நலிந்து மின்சாரத்தைக் கசியவிடும். அதனால் பல வருடம் கிடந்த பெட்டியை நேராகச் சுவரில் செருகாமல், 60 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடரிணைப்பில் வைத்து ஓட்டுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது. பிரகாசம் குறையவே இல்லையென்றால் உடனே நிறுத்திவிட்டு ஷார்ட் எங்கே என்று தேடுங்கள்.

வாங்கும்போது முதலில் வெப்ப வரம்பு. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. 85 டிகிரியில் 2000 மணி நேரம் என்று குறித்தது, 65 டிகிரியில் சுமார் 8000 மணி நேரம் வரும். தினம் 4 மணி நேரம் பாட்டுக் கேட்டால் ஐந்தரை வருடம். 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்றால் அதே இடத்தில் 32,000 மணி நேரம், கிட்டத்தட்ட 22 வருடம். ஏர்கான் இல்லாத கோலாலம்பூர் ஃபிளாட்டில், மூடிய அலமாரிக்குள் இருக்கும் ஆம்பிளிஃபயருக்கு 85 டிகிரி வகையைப் போடவே வேண்டாம்.

அடுத்தது மின்னழுத்தம். மலேசிய வீட்டு மின்சாரம் பெயரளவில் 230 வோல்ட். அனுமதித்த மேல் வரம்பு 253. டிரான்ஸ்ஃபார்மர் 220 வோல்ட்டுக்குச் சுற்றியது, சர்க்யூட் படத்தில் கப்பாசிட்டர் இருக்கும் இடத்தில் 42 வோல்ட் என்று போட்டிருக்கிறது என்றால், அந்த உச்சத்தில் அது 48 வோல்ட்டைத் தாண்டும். 50 வோல்ட் கப்பாசிட்டர் விளிம்பில் நிற்கும். 63 வோல்ட் போடுங்கள். வரம்பு கூடினால் கெடுதல் இல்லை, பலகையில் இடம் இருந்தால் போதும்.

பவர் சப்ளையில் கொள்ளளவைக் கூட்டுவதில் பலருக்கு அலாதி ஆசை. 4700 மைக்ரோஃபேரட் இருந்த இடத்தில் 6800 போடலாம். 22,000 போட்டால், சுவிட்ச் போட்ட கணத்தில் பாயும் மின்னோட்டத்தை டையோடும் ஃபியூசும் சுவிட்சும் சுமக்க வேண்டும். ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் ரெக்டிஃபயர் வேலையை டையோடுக்குப் பதில் வால்வு (வெற்றிடக் குழாய்) செய்கிறது என்றால் இன்னும் கறார்: ஜி.இசட்.34 வால்வுக்கு நேர் பின்னால் 60 மைக்ரோஃபேரட்டுக்கு மேல் கூடாது.

ஒலி செல்லும் பாதையில் கணக்கு வேறு. அடுத்த கட்டத்தின் உள்ளீட்டுத் தடை 50 கிலோ ஓம் என்றால், 2.2 மைக்ரோஃபேரட் கப்பாசிட்டர் சுமார் 1.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைத்தான் வெட்டும், காதுக்குக் கேட்கும் பேஸைத் தொடாது. அங்கே 10 மைக்ரோஃபேரட் போட்டால் பேஸ் கூடாது. சுவிட்ச் போடும்போது வரும் ‘டப்’ சத்தம்தான் கூடும். இந்த இடங்களுக்கு அதே மதிப்பில் பாலியஸ்டர் ஃபிலிம் (பிளாஸ்டிக் படலம்) கப்பாசிட்டர் அருமை. காய்வதற்கு அதில் திரவமே இல்லை. பாலிப்ராப்பிலீன் ஃபிலிம் அளவில் பெரியது, விலையும் கூடுதல்; அந்தப் பணத்தை மிச்சப்படுத்தலாம் என்பது எங்கள் கருத்து. ஆனால் 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் தொடராக இருக்கும் 1000 மைக்ரோஃபேரட் 400 ஆகச் சுருங்கிவிட்டால், வெட்டும் இடம் 20 ஹெர்ட்ஸிலிருந்து 50க்கு ஏறிவிடும். பேஸ் தேய்ந்தது காதுக்கே தெரியும்.

மின் இணைப்புக்குக் குறுக்கே இருப்பதற்கு எக்ஸ்2, லைனிலிருந்து சேஸிஸுக்கு (உலோகச் சட்டத்துக்கு) போவதற்கு ஒய்2 என்ற பாதுகாப்புத் தர முத்திரை கட்டாயம். வெறும் 630 வோல்ட் ஃபிலிம் இங்கே உதவாது. ஒய் வகை ஷார்ட் ஆனால் தொடுபவர் உடம்பில் மின்சாரம் பாயும்.

கோலாலம்பூரில் புடு பக்கம் ஜாலான் பாசார் கடைகளில் பெரும்பாலான மதிப்புகள் கிடைக்கும். பெரிய டப்பாவுக்குள் சின்னக் கப்பாசிட்டரை ஒளித்து விற்கும் போலிகளும் சந்தையில் உண்டு. எடை வழக்கத்துக்கு மாறாகக் குறைந்தாலே சந்தேகப்படுங்கள், மாட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள். கால் இடைவெளியையும் பழையதோடு ஒப்பிடுங்கள். கால்களை வலிந்து விரித்தால் ரப்பர் மூடி பிளக்கும். அடியில் படிந்த பழுப்புக் கறை எல்லாம் கசிந்த திரவம் அல்ல, பல நேரம் அது தொழிற்சாலையில் வைத்த பசை. அதுவும் முற்றினால் மின்சாரம் கடத்தும், பக்கத்துக் கம்பிகளை அரிக்கும்; சுரண்டி எடுத்துவிடுங்கள்.

பிளக்கைப் பிடுங்கி, பவர் சப்ளைக் கப்பாசிட்டர்கள் ஒவ்வொன்றையும் 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியே அரை நிமிடம் வடித்து, 1 வோல்ட்டுக்குக் கீழே வந்ததை மீட்டரில் பார்த்த பிறகே சால்டரிங் அயர்னைத் தொடுங்கள். படம் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். முனை மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்: சில பலகைகளில் நேர்முனையைக் குறித்திருப்பார்கள், சிலவற்றில் எதிர்முனையை. முடிந்ததும் மறுபடி பல்போடு ஓட்டி, பிறகு பல்பைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கர் முனைகளில் டி.சி.யை அளந்து பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி, 50 மில்லிவோல்ட்டுக்குள் நின்றால் ஸ்பீக்கரை மாட்டலாம்.