தத்திப் போன குண்டு

புதுச்சேரி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பாரதி பூங்கா இருக்கும் இடத்தில் அந்தக் காலத்தில் நின்ற பிரெஞ்சுக் கோட்டை, வரைபடத்தில் ஐந்து முனை நட்சத்திரமாகத் தெரிகிறது. அது யந்திர வடிவம், சக்தியை ஈர்க்கக் கட்டியது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா?"

இல்லை. அது பார்வைக்கோட்டுக் கணக்கு. வட்டக் கோபுரத்தின் அடியில் ஒட்டி நிற்கும் எதிரியை மேலிருப்பவரால் சுட முடியாது. மூலைகளைக் கூராக வெளியே நீட்டிக் கொத்தளமாக்கினால், ஒன்றின் அடிவாரத்தை அடுத்தது கவனித்துக்கொள்ளும். இத்தாலியில் பிறந்த இந்த முறையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர், பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் பொறியாளரும் தளபதியுமான வோபான் (1633–1707).

கட்டுவதைவிடப் பிடிப்பதில்தான் அவர் மேதை என்பேன். 1673இல் இன்றைய நெதர்லாந்தில் உள்ள மாஸ்ட்ரிக்ட் நகர மதிலுக்கு இணையாகப் பதுங்குகுழி வரிசைகளை வெட்டி, வளைந்து நெளியும் பாதைகளால் அவற்றை இணைத்து, 13 நாளில் நகரைப் பணியவைத்தார். ஆனால் என்னைக் கிறங்கடிப்பது 1697இல் ஆத் நகரில் அவர் செய்தது. இன்றைய பெல்ஜியத்தில் உள்ள அந்தக் கோட்டையைக் கட்டியவரே வோபான்தான்! இடையில் ஓர் ஒப்பந்தத்தால் அது ஸ்பெயினின் கைக்குப் போயிருந்தது.

பீரங்கியை மதிலுக்கு நேரெதிரே வைத்து, வெடிமருந்தைத் திணித்துச் சுடுவதுதான் வழக்கம். குண்டு மண்கரையில் புதையும், அல்லது மேலே பறந்து ஊருக்குள் விழும். மதில்மேல் வரிசையாக நிற்கும் பீரங்கிகள் பெரும்பாலும் தப்பிவிடும். வோபான் மதிலின் ஒரு பக்கத்தை மனத்தில் கோடாக நீட்டி, அது வெளியே வயலில் எங்கே போகிறது என்று பார்த்து, அங்கே பீரங்கியை நிறுத்தினார். மருந்தைக் குறைத்தார். குழாயைச் சற்றே உயர்த்தினார். குண்டு கைப்பிடிச்சுவரை மயிரிழையில் தாண்டி இறங்கும். தளத்தில் சாய்வாகப் பட்டு எழும்பும், மறுபடி படும், மறுபடி எழும்பும். குளத்தில் ஓட்டுச்சில்லு எறிந்தவர்களுக்கு இந்தத் தத்தல் தெரியும். போகிற வழியில் மதில்மேல் நிற்கும் பீரங்கிகளின் மரச்சக்கரங்களையெல்லாம் பக்கவாட்டில் நொறுக்கிக்கொண்டே போகும்.

முதல் அடியிலேயே ஏன் நின்றுவிடவில்லை? பள்ளிக் கணக்குதான். 10 பாகைச் சாய்வில் தரையில் படுகிறது என்று வைப்போம். வேகத்தை இரு கூறாக்கினால் தரையை நோக்கியது 17 சதவீதம், தரையோடு ஓடுவது 98 சதவீதம் (ஒன்றுக்கொன்று செங்குத்தான கூறுகள் என்பதால், கூட்டினால் நூறு வராது). ஆற்றலுக்கு வேகத்தின் வர்க்கத்தை எடுக்க வேண்டும் அல்லவா? அப்படியென்றால் கீழ்நோக்கிய கூற்றில் இருப்பது மொத்த ஆற்றலில் வெறும் 3 சதவீதம். மண் அதில் பெரும்பகுதியை விழுங்கினாலும், உராய்வு தன் பங்கைத் தின்றாலும், குண்டிடம் ஏராளமாக மிஞ்சும். 45 பாகையில் விழுந்திருந்தால் சரிபாதி அங்கேயே பணயம்.

மருந்து கூடினால் பாதை தட்டையாகிக் குண்டு சுவருக்குப் பின்னே இறங்காது. மருந்தை மிகவும் குறைத்துக் குழாயை நிமிர்த்தினால் செங்குத்தாக இறங்கி மண்ணில் புதைந்துவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள அந்தக் குறுகிய அளவைச் சுட்டுப் பார்த்துச் சுட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். குறைந்த வெடிமருந்து அதிக வேலை செய்கிறது என்பதை எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு மகிழ்ச்சி அடங்குவதில்லை.

பதுங்குகுழி தோண்டத் தொடங்கிய இரண்டே வாரத்தில் ஆத் விழுந்தது. தாக்கியவர் பக்கம் உயிரிழப்பு மிகக் குறைவு. வோபானுக்கு அதுதான் முக்கியம். சிப்பாய்களை வீணாகச் சாகவிடும் தளபதிகளோடு அவர் வாழ்நாள் முழுக்க வாதாடினார். இவ்வளவு உழைத்துப் பெற்ற அறிவை "யந்திர சக்தி" என்று ஒரே வரியில் துடைத்துப்போடுவது எனக்குப் பொறுக்கவில்லை. அளப்பதற்கும் சோதித்துப் பார்ப்பதற்கும் அந்த அரசு பணம் கொடுத்தது. நம் அரசுகளும் தாராளமாகக் கொடுக்க வேண்டும்.

அதே 1697இல் ரைஸ்விக் ஒப்பந்தம் ஆத்தை மீண்டும் ஸ்பெயினுக்கே கொடுத்தது. டச்சுக்காரர் 1693இல் பிடித்திருந்த புதுச்சேரியைப் பிரான்சுக்குத் திருப்பியதும் அதே ஒப்பந்தம்தான். அதன் பிறகு பிரெஞ்சு ஆளுநர் பிரான்சுவா மர்த்தேன் எழுப்பி, 1706இல் முடித்ததுதான் வாசகி கேட்ட கோட்டை. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து அதை இடித்துவிட்டார்கள். நட்சத்திரத்தை நேரில் பார்க்க ஆசையென்றால், பிரான்சின் கிழக்கு எல்லையில் வோபான் கட்டிய நெஃப்-பிரிசாக் எண்கோணமாக இன்றும் நிற்கிறது. அதன் கொத்தளக் கோபுரங்களில் பீரங்கிகளுக்குக் கல்கூரை போட்ட அறைகள் உண்டு. தத்தி வரும் குண்டு அவற்றுக்குள் நுழையாது.