ஜன்னலில் வண்டு, பீரோவில் புழு

ஜன்னல் கண்ணாடியில் எள்ளளவில் ஊரும் உருண்டை வண்டை நசுக்கிவிட்டால் பட்டுப்புடவை தப்பித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இந்தக் கம்பள வண்டு வளர்ந்தபின் துணியைத் தின்பதில்லை. மகரந்தமும் தேனுமே அதற்கு உணவு. அதனால்தான் வெளிச்சத்தை நாடி வருகிறது. பெண் வண்டாக இருந்தால் ஜன்னலுக்கு வருமுன்பே பெரும்பாலும் முட்டையிட்டிருக்கும். துணியை அரிப்பது அந்த முட்டையிலிருந்து வந்து இருட்டில் இருக்கும் புழு.

அந்தப் புழுவை ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஐந்து மில்லிமீட்டர்கூட இருக்காது. பழுப்புப் பட்டைகள், உடம்பெங்கும் மயிர், வால்பக்கம் குஞ்சங்கள். தொட்டால் குஞ்சத்தை விரிக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த மயிர் ஒவ்வொன்றும் கணுக்கணுவாக இருக்கும், நுனியில் ஈட்டிமுனை. தாக்க வரும் சிறு பூச்சிகள் அதில் சிக்கிக்கொள்ளும். இதே மயிர் உதிர்ந்து நம் தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும். மூட்டைப்பூச்சிக் கடி என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இது கடிப்பதும் இல்லை, ரத்தம் குடிப்பதும் இல்லை.

இதன் வயிறுதான் பெரிய ஆச்சரியம். கம்பளி, இறகு, முடி எல்லாமே கெரட்டின் என்ற புரதம். அதன் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் இறுக்கிக் கட்டியிருப்பதால் பெரும்பாலான உயிரினங்களுக்குச் செரிக்காது. இந்தப் புழுவின் குடல் அப்பிணைப்புகளை உடைத்துவிட்டு, பிறகு நொதிகளால் புரதத்தைத் துண்டாக்குகிறது. பட்டு வேறு புரதம், அதையும் விடாது. வியர்வையோ சாம்பார்க் கறையோ இருந்தால் இன்னும் வசதி. சுத்தமான பருத்தியில் அதற்கு உணவில்லை.

ஆகவே தேட வேண்டியது வண்டை அல்ல, அதன் சாப்பாட்டை. கட்டிலடியில் சேர்ந்த முடி, பரணில் குருவி விட்டுப்போன கூடு, ஜன்னலோரம் செத்துக் கிடக்கும் ஈக்கள், மடித்தபடியே கிடக்கும் பழைய கம்பளி. புழு உரித்துப்போட்ட வெற்றுத் தோல்கள் அங்கே கிடந்தால் சந்தேகமே வேண்டாம். நூலாம்படை மாதிரி இழையும் சேர்ந்திருந்தால் அது அந்துப்பூச்சியின் வேலை.

பாச்சை உருண்டையின் ஆவி மூடிய பெட்டிக்குள்தான் வேலை செய்யும். குழந்தைத் துணிகளோடு அதை வைக்கவே வைக்காதீர்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த உருண்டையில் இருக்கும் நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். துணியின் கறையை நீக்கி, உதறி, வெயில் காட்டி வைப்பதே நல்லது. புழு கண்ட கம்பளியை பாலித்தீன் பையில் காற்றுப்புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். குளிர் முழுக்க விடுவதற்குள் திறந்தால் துணியில் ஈரம் கோத்துக்கொள்ளும்.