பேரவையில் நிறைவேறிய பணம் எங்கே நிற்கிறது?

"குடிநீர்த் தொட்டிக்கு நிதி ஒதுக்கீடு" என்ற செய்தித்தாள் துண்டை நான்காக மடித்து, பாலித்தீன் உறையில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா மூன்று அலுவலகங்கள் ஏறி இறங்கியதைப் பார்த்தேன். மூன்றிலும் ஒரே பதில்: "இன்னும் நிதி வரவில்லை." அந்தத் துண்டை ஒருவரும் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

பட்ஜெட்டுக்குப் பிறகு ஒவ்வொரு துறையின் செலவும் மானியக் கோரிக்கையாக வாக்கெடுப்புக்கு வரும். உறுப்பினர்கள் அதை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். ஒரு ரூபாய்கூடக் கூட்ட முடியாது. ஆகவே "வாக்களித்து உங்கள் ஊருக்குக் கூடுதல் நிதி வாங்கித் தந்தேன்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பெரும்பாலும் குரல் வாக்கெடுப்புதான்; யார் எப்படி வாக்களித்தார் என்ற பதிவே இருக்காது. கட்சிக் கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம். நேரம் தீர்ந்தால் மிச்சக் கோரிக்கைகள் விவாதமின்றி மொத்தமாக நிறைவேறும். 2018 மார்ச்சில் மக்களவையில் மத்திய பட்ஜெட் அப்படித்தான் நிறைவேறியது.

மக்கள் ஏமாறுவது இதற்குப் பிறகுதான். அவையின் ஒப்புதல் செலவழிக்க அனுமதி மட்டுமே. உங்கள் ஊர் வேலைக்குத் தனியாக அரசாணை வர வேண்டும். அதன் பிறகும் பணத்தை விடுவிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பேரவையின் 110 விதியின் கீழ் முதல்வரோ அமைச்சரோ படிக்கும் அறிவிப்புக்கு விவாதமும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. அதைக் கேட்டு மறுநாளே மனுவோடு ஓடாதீர்கள்.

மார்ச் 31 இன்னொரு கண்ணி. அதற்குள் செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகும். பிப்ரவரி வரை "வரும், வரும்" என்றவர்களே ஏப்ரலில் "சரண்டர் ஆகிவிட்டது", அதாவது செலவாகாத பணம் திரும்பப் போய்விட்டது, என்பார்கள். இதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. டிசம்பருக்குள் எழுத்தில் கேளுங்கள்.

வாய்மொழிப் பதிலோடு திரும்பாதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கட்டணத்தோடு மூன்றே விவரம் கேளுங்கள்: அரசாணையின் எண், தேதி, நகல்; எந்தக் கணக்குத் தலைப்பில் (அரசுக் கணக்கில் அந்தச் செலவுக்கான பிரிவு) எவ்வளவு ஒதுக்கப்பட்டது; இன்றுவரை விடுவித்தது, செலவழித்தது எவ்வளவு. "ஏன் தாமதம்?" என்று எழுதினால் தட்டிக்கழிக்க வழி கிடைத்துவிடும். "இது எங்கள் அலுவலகம் இல்லை" என்று திருப்பித் தரவும் அவர்களால் முடியாது. 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.